ஏழாம் கட்டில்

மூன்று நாளாய்க் கோத்தகிரியில் வெயில் இல்லை.
துவைத்த விரிப்புகள் பாய்லர் அறைக் கம்பியில்
காய்ந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு
ஈரமாகவே வந்து சேர்கின்றன.
உதறினால் சத்தம் வருவதில்லை.
நல்ல விரிப்பு என்றால்
கன்னத்தில் ஓர் அறை விழுந்த மாதிரிக் கேட்க வேண்டும்.

ஆறாம் கட்டில் சிவனம்மா.
கட்டபெட்டுக்குக் கீழே, தேயிலைக்குள்,
காட்டெருமை தூக்கி எறிந்தது.
கோயம்புத்தூரில் பார்த்துவிட்டுத்
திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
இடுப்புக்குக் கீழே அவளுக்கு இப்போது
பக்கத்து வீடு.
கால் எங்கே இருக்கிறது என்று
என்னிடம்தான் கேட்பாள்.
"இருக்கு, போர்வைக்குள்ள" என்பேன்.
சில இரவுகளில் சவக்கிடங்கின் பின்னால்
அதே மாதிரி ஒன்று வந்து நின்று மூச்சுவிடும்.
"லாரி" என்போம் அவளிடம்.

பத்து மணிக்கு இடப்பக்கம்.
பன்னிரண்டுக்கு மல்லாக்க.
இரண்டுக்கு வலப்பக்கம்.
கால்மாட்டு அட்டையில் கட்டம் கட்டமாய்
என் கையெழுத்தை வாங்கிக்கொள்கிறது இரவு.

லூர்து தோளைப் பிடிக்க, நான் இடுப்பை.
கழுத்தும் முதுகும் ஒரே மரமாய்ப் புரள வேண்டும்.
ஒண்ணு, ரெண்டு நாங்கள் எண்ணுவோம்.
மூணை அவள் சொல்வாள்,
நிறுவைக்கு இலைமூட்டை ஏற்றுகிறவர்களின் மூணு.
அது வராமல் எங்களுக்கும் தூக்க வருவதில்லை.

முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை.
முதுகுக்கு ஒன்று, சுருட்டி.
குதிகாலுக்கு அடியில்
தண்ணீர் நிரப்பி முடிச்சிட்ட கையுறை.
ஐந்து விரலும் உப்பிய ஒரு கை
காலைத் தாங்கிக்கொண்டு கிடக்கும்
யாருடையது என்று தெரியாமல்.

பிறகு உள்ளங்கையால் தேடுவேன்.
அவள் மகன் வாங்கிவந்த வர்க்கியில்
தேநீருக்குத் தப்பிய ஒரு பொருக்கு போதும்,
விடிவதற்குள் தண்டுவடத்தின் அடியில்
எட்டணா அகலத்துக்குச் சிவக்கும்.
அவளுக்கு உறுத்தாது.
அதனால் எனக்கு உறுத்த வேண்டும்.

ஏழாம் கட்டிலில் சாயங்காலம் வரை மாதியம்மாள்.
ஆறு மணிக்குக் கெங்கரையிலிருந்து ஜீப் வந்தது.
ரப்பர் ஷீட்டைத் துடைத்து,
மெத்தையைப் புரட்டிப் போட்டு,
மூலைகளைக் கடித உறைபோல் மடித்துச் செருகி
தலைவரை இழுத்து மூடினேன்.
மூடிய படுக்கை என்று பாடத்தில் பெயர்.
மடிப்பு அன்றைக்கு ரொம்ப நன்றாக விழுந்திருந்தது.

இரண்டு மணி. வலப்பக்கம்.
"இந்தப் பக்கம் வேணாம் சிஸ்டர்."
வலிக்குதா?
"எனக்கு எங்க வலிக்கப் போவுது.
அந்தக் கட்டிலப் பாருங்க.
ஒருத்தருமே அதுல படுத்ததில்லங்கற மாதிரி இருக்கு."

இடது இடுப்பு ஏற்கெனவே சிவந்திருக்கிறது.
மறைப்புத் திரை ஒன்று இருந்தது,
போன மாதம் ஆண்கள் வார்டுக்குப் போனது, வரவில்லை.
லூர்து என்னைப் பார்த்தான்.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

பிறகு போய்
ஏழாம் கட்டிலின் மேல்விரிப்பை உருவி
விசிறி மடிப்பாய்க் கால்பக்கம் தள்ளினேன்.
புதிதாய் வருகிறவர்களுக்கு அப்படித்தான் திறந்துவைப்போம்.
போதவில்லை.
தலையணையின் நடுவில் முழங்கையை அழுத்தினேன்.
ஒரு மூலையைப் பிடுங்கிவிட்டேன்.
எட்டு வருடத்தில்
வேண்டுமென்றே போட்ட முதல் சுருக்கம்.

பாத்ரூமுக்கு எழுந்துபோன யாரோ
இதோ வந்துவிடுவார் என்று கிடந்தது கட்டில்.

சிவனம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"செருப்பு?" என்றாள்.

லூர்து தன்னுடையதைக் கழற்றிக்
கட்டிலடியில் ஜோடியாய் வைத்துவிட்டு
சிமெண்டுத் தரையின் குளிரில்
வெறுங்காலோடு கதவுவரை நடந்தான்.

நான்கு மணி. மல்லாக்கத் திருப்ப வேண்டும்.
அசந்து தூங்குகிறாள், வாய் லேசாய்த் திறந்து.
அவன் தோளில் கை வைத்திருக்கிறான், நான் இடுப்பில்.
ஒண்ணு, ரெண்டு என்று எண்ணிவிட்டு
இரண்டு பேரும் நிற்கிறோம்.